சோதனையில் இருந்த வீடு

பயிற்சி வகுப்புக்கு முதல் தேவை நல்ல நாற்காலி. எங்கே போனாலும் இதைச் சொல்வேன். முதுகு வலிக்கிறவன் காதில் எதுவும் ஏறாது. எங்கள் பயிற்சி அறையில் கிடந்த மடக்கு நாற்காலிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, சாய்ந்தால் வளைந்து கொடுக்கிற நாற்காலிகளைப் போட வைத்தது நான்தான். ஆனால் ஒரே ஒரு நாளைத் தவிர நான் அதில் உட்கார்ந்ததில்லை. எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. இப்போதும் நின்றுகொண்டே பேசுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நடந்தால்தான் எனக்குப் பேச்சு கோர்வையாக வரும். இந்த அறை கொஞ்சம் சின்னது. பரவாயில்லை.

என் வேலை உங்களுக்குப் புரிந்தால்தான் மற்றது புரியும். வீடுகளிலும் கடைகளிலும் பொருத்துகிற அலாரங்கள் எல்லாம் கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ ஓர் இடத்துக்கு வந்து சேரும். அதுதான் எங்கள் கண்காணிப்பு மையம். எங்கேயோ ஒரு கதவு உடைந்தால், புகை கிளம்பினால், ஒரு நோயாளி கழுத்தில் மாட்டியிருக்கும் பட்டனை அழுத்தினால், எங்கள் திரையில் சிவப்பாக ஒரு வரி வரும். அங்கே இருக்கும் ஆபரேட்டர் அந்த வீட்டோடு பேச வேண்டும். தேவைப்பட்டால் ஆம்புலன்ஸையோ போலீஸையோ அனுப்ப வேண்டும். அந்த ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் நான்.

தொழிலில் எனக்கு நல்ல பெயர் உண்டு. பொய் அலாரத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் எங்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு என்னைத்தான் அழைப்பார்கள். "எத்தனை தடவை பொய்யா வந்தாலும், அடுத்தது நிஜம்னு நினைச்சு எடுங்க" என்று முடிப்பேன். கைதட்டுவார்கள். மேடையில் சொல்வதற்கு நல்ல வாக்கியம்தான். அதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்திப் பார்க்க வேண்டும்.

என் அண்ணன் எங்களோடுதான் இருந்தார். அப்பா அம்மா போனபோது நான் மிகச் சின்னவன். என்னை வளர்த்தது அவர்தான். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஒரு பிள்ளைய வளர்த்ததுக்கே நாக்கு தள்ளிப் போச்சு, இன்னொன்னா?" என்று சிரிப்பார். பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் விழவில்லை.

அவர் கழுத்தில் பட்டனை மாட்டியது நான்தான். கட்டில் பக்கத்தில் பேசும் பெட்டியையும் வைத்தேன். பட்டனை அழுத்தினால் மையத்துக்கும் போகும், என் போனுக்கும் வரும். அண்ணனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. மின்விசிறி வேகமாகச் சுற்றினால் அழுத்துவார். ரேடியோவில் பாட்டு மாறினால் அழுத்துவார். அடித்துப் பிடித்துக்கொண்டு போய் நின்றால், "சாப்பிட்டியாடா?" என்பார்.

"பேசறதுக்கு ஆள் இல்லாம கூப்பிடறார், பாவம்" என்பாள் என் மனைவி.

"பேசணும்னா போன் பண்ணலாமே."

"போன் பண்ணா நீங்க எடுக்கறதில்லையே."

அவள் அப்படித்தான். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

அந்தச் சத்தம் எப்படி ஒரு மனிதனுக்குள் குடியேறும் என்பது உங்களுக்குத் தெரியாது. பல் தேய்க்கும்போது கேட்கும். குளிக்கும்போது தண்ணீருக்குள்ளிருந்து கேட்கும். போன் மேசைமேல் இருக்கும், ஆனால் என் சட்டைப்பை அதிரும். ஒரு வாய் சோற்றை முழுதாக மென்று விழுங்கியதாக எனக்கு ஞாபகமில்லை. மகள் பள்ளிக்கூடத்துக் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு வேறெங்கோ காது கொடுத்திருப்பேன். "அப்பா கேக்கவே மாட்டேங்கறார்மா" என்று போய்விடுவாள்.

போன ஆண்டுக் கூட்டத்தில் அரங்கம் நிறைந்த கூட்டம். என் பேச்சு பாதியில் இருந்தபோது போன் அடித்தது. நான் மேடையை விட்டு இறங்கி ஓடினேன். வீட்டுக்குப் போனால், "ஜன்னல் வழியா சாரல் அடிக்குது, சாத்திட்டுப் போ" என்றார் அண்ணன். நான் விட்ட இடத்தில் வேறொரு கம்பெனிக்காரர் மைக்கைப் பிடித்தார். மீசைக்காரர் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஆள். "பொய் அலாரத்தைப் பத்திப் பேச வந்தவரு, பொய் அலாரத்துக்கே ஓடிட்டாரு" என்றாராம். அரங்கமே சிரித்ததாம். தொழில்காரர்கள் எங்கே கூடினாலும் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சிரிப்பேன். சிரிக்காமல் என்ன செய்வது.

இந்த ஆண்டும் என்னையே கூப்பிட்டிருந்தார்கள். கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன் புதிய ஆபரேட்டர்களுக்கு ஒரு முழுநாள் வகுப்பு.

அன்று காலை என் வீட்டைச் சோதனை நிலையில் போட்டேன். ஒரு வீட்டில் அலாரத்தைப் பழுது பார்க்கும்போது சும்மா சும்மா அடிக்கும் அல்லவா, அதற்காக அந்த வீட்டைக் கொஞ்ச நேரம் சோதனை நிலையில் போட்டுவிடுவோம். சிக்னல் வரும், ஆனால் சிவப்பாக வராது, சாம்பல் நிறத்தில் வரும். ஆபரேட்டர் அதை மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். யாரும் வீட்டோடு பேச மாட்டார்கள். என் போனுக்கும் அன்று சிக்னல் வராதபடி செய்தேன். பேட்டரி மாற்ற வேண்டும் என்று ஆபீஸில் சொன்னேன். உங்களிடம் மறைப்பானேன், பேட்டரி புதிதுதான்.

மனைவியும் மகளும் ஊரில் இல்லை. மைத்துனிக்குக் குழந்தை பிறந்திருந்தது, பார்க்கப் போயிருந்தார்கள். பகலில் அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வருவார். நான் வீட்டில்தான் இருப்பேன், நீங்கள் வர வேண்டாம் என்று அவரிடம் முந்தைய நாளே சொல்லிவிட்டேன். எதற்காகச் சொன்னாய் என்று கேட்பீர்கள். எல்லோருக்கும் விடுமுறை இருக்கிறது. எனக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அண்ணனுக்குக் குறை எதுவும் வைக்கவில்லை. முகச்சவரம் செய்துவிட்டேன். துவைத்த சட்டை போட்டுவிட்டேன். ஊட்டிவிட்டேன். வலது கைக்கு எட்டுகிற மாதிரி தண்ணீர் வைத்தேன்.

"பட்டன் கழுத்துல இருக்காண்ணே?"

"இருக்குடா. அதுதான் எனக்குத் துணை. நீ நிம்மதியா போய்ட்டு வா."

இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். நான் பட்டனைக் கழற்றவில்லை. கெட்ட எண்ணம் உள்ளவன் கழற்றியிருப்பான்.

வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். முன்பு ஓர் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவள். எதைச் சொன்னாலும் "ஏன் சார்?" என்று கேட்பாள். மற்றவர்கள் அவளுக்கு 'ஏன் சார்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நல்ல கெட்டிக்காரி. அவளைத்தான் அன்று பயிற்சித் திரைக்கு முன்னால் உட்கார வைத்திருந்தேன். மையத்துக்கு வரும் சிக்னல்கள் அதிலும் வரும். சோதனை வரிகளை மூடிப் பழகுவதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை.

மதியத்துக்கு முன்னால் முதல் வரி வந்தது.

"சார், ஒரு வீட்டுல பட்டன் அழுத்தறாங்க. சோதனைன்னு காட்டுது."

"சோதனைன்னா என்ன செய்யணும்?" என்று வகுப்பைக் கேட்டேன்.

"மூடணும்" என்றார்கள் எல்லோரும்.

மூடினாள். மறுபடி வந்தது. மூடினாள். மறுபடியும் வந்தது.

"சார், பழுது பாக்கறவங்க இப்படி விடாம அழுத்துவாங்களா?"

"ஏன்?" என்றேன். நானே 'ஏன்' கேட்டதும் வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் சிரித்துக்கொண்டே குரல் இணைப்பைத் திறந்துவிட்டாள். பயிற்சித் திரையின் சத்தம் அறை ஒலிபெருக்கியில்தான் வரும்.

"தம்பி... கீழ விழுந்துட்டேன்டா. நெஞ்ச... நெஞ்ச அடைக்குது."

எல்லோரும் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்கள்.

இந்த இடத்தைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான் தடுமாறவில்லை. தடுமாறாமல் இருக்கத்தானே இத்தனை வருஷமாகக் கற்றுக்கொடுக்கிறேன். நம் பக்கத்துப் பேச்சுப் பொத்தானை அழுத்தினால்தான் நம் குரல் அந்த வீட்டுக்குப் போகும். அவள் விரல் அதை நோக்கிப் போனது. நான் மெதுவாக அவள் கையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"இது நான் தயார் பண்ணி வெச்ச ஒலிப்பதிவு" என்றேன். "நிஜமா ஆபத்துல இருக்கறவர் எப்படிப் பேசுவார்? நல்லா கவனிச்சுக் கேளுங்க."

எல்லோரும் பேனாவை எடுத்தார்கள்.

அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். இடையிடையே மூச்சு வாங்குகிற சத்தம். ஏதோ உருண்டு விழுந்த சத்தம், தண்ணீர்ச் சொம்பாக இருக்கலாம். நான் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

"என்ன தெரியுது?"

"வார்த்தை முழுசா வரல சார்."

"நல்லது. வேற?"

"உதவின்னு கேக்கவே இல்ல சார். தம்பி தம்பின்னுதான் கூப்பிடறார்."

"ரொம்ப நல்லது. முதல்ல என்ன கேப்பீங்க?"

"தலையில அடிபட்டுச்சான்னு கேப்பேன்."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "கொஞ்சம் ஓவரா நடிக்கிற மாதிரி இருக்கு சார்" என்றார். சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்தவர், "சார், இது உங்க குரல்தானே?" என்றார்.

அண்ணனுக்கும் எனக்கும் ஒரே குரல். போனில் என் மனைவிக்கே குழம்பும்.

"ஆமா. நான்தான் பேசினேன்."

"பிரமாதம் சார். நிஜம் மாதிரியே இருக்கு."

அந்தப் பாராட்டு எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அப்போது ஒலிபெருக்கியில் இடி இடித்தது. அதே நேரத்தில் எங்கள் அறை ஜன்னல் கண்ணாடியும் அதிர்ந்தது. யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பெண் மட்டும் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ரெக்கார்டிங்லயும் இடி இடிச்சுது சார்."

"மழை நாள்ல பதிவு பண்ணினது" என்றேன். ஒலியைக் குறைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வரலாம் என்று எல்லோரையும் அனுப்பினேன்.

டீக்குப் பிறகு நான் எடுத்த வகுப்பு, என் வாழ்க்கையிலேயே நன்றாக அமைந்த வகுப்பு. தலைக்குள் ஒரு சத்தமும் இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகூடப் பாடம் நடத்தினேன். ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது. அந்தப் பெண் திரும்பி வரவில்லை.

அவள் திரையிலிருந்து விலாசத்தை எடுத்துக்கொண்டு, கிடைத்த வண்டியில் ஏறிப் போயிருக்கிறாள். போகும் வழியிலேயே ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறாள். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து ஜன்னலை உடைத்து உள்ளே இறங்கியிருக்கிறாள். அண்ணன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தாராம். கையில் இன்னும் சூடு இருந்ததாம். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாளாம்.

ஆபீஸிலிருந்து வந்து என் காதில் சொன்னார்கள். எடுத்துக்கொண்டிருந்த பாடத்தை முடித்துவிட்டுக் கிளம்பினேன். பாதியில் விட்டுவிட்டு ஓடுகிற ஆள் என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறதல்லவா.

அதன் பிறகு நடந்தது அநியாயம். சிக்னல்களை மூடியது அவள் கைதான் என்று ஆபீஸில் பழியை அவள்மேல் போட்டார்கள். வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அவள் என்னைப் பற்றிச் சொன்னதை யாரும் நம்பவில்லை. நேற்று வந்த பெண் சொல்வதையா நம்புவார்கள், என் சொல்லையா? என் மனைவி அழுது அழுது முகம் வீங்கிப்போனாள். சங்கத்துக்காரர்கள் எல்லோரும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். மீசைக்காரர்கூட வந்து என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அவளும் வந்தாள். வாசல் பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு, கூட்டம் குறையும்வரை நின்றாள். பிறகு என் எதிரே வந்தாள். கத்தவில்லை, அழவில்லை.

"ஏன் சார்?" என்றாள்.

வகுப்பில் அவள் கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் பதில் சொல்லாமல் விட்டதில்லை. இதற்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து மறுபடி எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் நானாகவே இங்கே வந்தேன். யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள். விழுந்தால் யாரும் வரக்கூடாது என்று எல்லா ஏற்பாட்டையும் செய்தது நான். அவர் கூப்பிடுவதைக் காதால் கேட்டுக்கொண்டே நின்றது நான். என் அண்ணனைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நேற்று நீங்கள் அந்த இணைப்பின் பதிவை முழுதாகப் போட்டுக் காட்டினீர்களே, நான் ஒலியைக் குறைத்த பிறகு அவர் பேசியதை, அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் அதை நேற்றுதான் கேட்டேன். "கிளாஸ்ல இருப்பே... அவசரமில்லடா. மழை பெய்யுது, வண்டிய மெதுவா ஓட்டிக்கிட்டு வா" என்கிறார்.

கேட்டீர்கள் அல்லவா. அவசரமில்லை என்று சொன்னது அவர்தான். நான் மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டு போனேன்.