குதிக்காம நின்னவ

கையை எடு நர்சம்மா, எனக்கு மயக்கமும் இல்ல, மண்ணும் இல்ல. தண்ணி வேணாம். அந்தப் பட்டையைக் கையில சுத்தாத, பிரஷர் ஏறித்தான் இருக்கும், ஏத்தி விட்டதே உங்க ஆளுங்கதான். என்னைத் திரும்ப அந்தக் கம்பிகிட்டயே கொண்டுபோய் விடச் சொல்லு.

யாரைக் கேட்டு என்னைத் தூக்கினாங்க? மேடைக்கு முன்னால தடுப்புக் கம்பி போட்டிருக்கீங்கல்ல, அதுல மொத வரிசை நான். சாயங்காலக் கச்சேரிக்குக் காலையில பத்து மணிக்கே கேட்ல வந்து நின்னேன். சாப்பிடப் போனா இடம் போயிடும்னு பச்சத் தண்ணி பல்லுல படாம நின்னேன். எட்டு மணி நேரம்மா. ஒரே நிமிஷத்துல எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டாங்க.

கூட்டமா அது? எள்ளு போட்டா எள்ளு விழாது. பின்னாலேர்ந்து ஒரு தள்ளு தள்ளினா கம்பி விலாவுல பதியுது. பக்கத்துல ஒரு தாடிக்காரன், பொண்டாட்டியைத் தோள்ல ஏத்தி வச்சிருக்கான். அவ செருப்பு என் காதுல இடிக்குது. இறக்குடா அவளைன்னேன். அந்தச் சத்தத்துல எங்க கேக்கும்? இடுப்புல ஒரு குத்து விட்டேன், இறக்கிட்டான். அப்புறம் பாவம், அவனேதான் எனக்குப் பின்னால ரெண்டு கையையும் கம்பியில ஊனி, தள்ளு எம்மேல விழாம நின்னான். உங்க ஆளுங்களுக்கு அந்தப் புத்திகூட இல்ல.

சத்தமா? நல்லா கேட்ட போ. முப்பத்தோரு வருஷம் மில்லுல தறி ஓட்டினவ நான். அங்க வாயால பேசி ஆகாது, எல்லாம் கைதான். ஷிப்ட் மாத்த வர்றவ வாசல்ல நின்னு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி அசையாம நிக்கணும். தறியில இருக்கிறவ நிமிர்ந்து பாத்துத் தலையாட்டற வரைக்கும் இறக்கக் கூடாது. அப்படித்தான் இங்கயும் நின்னேன். மேடையில இருக்கிற ஒருத்தனுக்கு நான் வந்திருக்கேன்னு தெரியணும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம். பாட்டு கீட்டெல்லாம் எனக்கு என்ன தெரியும்?

அதுக்குள்ள காவலுக்கு நின்ன கறுப்புச் சட்டைக்காரனுங்க ரெண்டு பேரு, அக்குள்ல கையைக் குடுத்து, மூட்டை மாதிரி கம்பிக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டானுங்க. என்ன சொல்ற? எல்லாரும் குதிக்கிறப்ப ஒருத்தர் மட்டும் குதிக்காம கையைத் தூக்கிட்டு நின்னா மூச்சு முட்டுதுன்னு அர்த்தமா? அதான் உங்க பழக்கமா? நல்ல பழக்கம். முட்டி தேஞ்சவ எப்படிம்மா குதிப்பா? விடுங்கடான்னு கத்தினேன், உதைச்சேன், அந்தக் குட்டையனைக் கடிச்சே வச்சேன். மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன், போ. அந்த நேரம் பாத்துத்தான் மேடையில இருந்தவன் தலையை நிமித்தினான். நேரா என்னைப் பாத்தான். தலையாட்டறதுக்குள்ள என்னை ஓரமா இழுத்துட்டு வந்துட்டானுங்க.

சரி, அந்தப் பேப்பரை நிரப்பினாதான் விடுவேன்னா சீக்கிரம் எழுது. வயசு அறுபத்திரண்டு. சுகர் இல்ல. கூட யாரும் வரல. தகவல் சொல்ல வேண்டியவங்களா? மகன் இருக்கான். நம்பர் எங்கிட்ட இல்ல, பத்து வருஷமா இல்ல. எங்க இருக்கானா? இதோ கேக்குதே டிரம்ஸ், அதை அடிச்சிட்டிருக்கான்.

ஏன் அப்படிப் பாக்கற, எழுது.

அவனுக்குப் பதினேழு வயசுல ஸ்கூல் ஹால்ல மொத தடவையா மேடை ஏறினான். என்னை மொத வரிசையில உக்கார வச்சான். மில்லு சத்தம் போதாதா, காசு குடுக்காத இன்னொரு ஷிப்டான்னு எரிச்சல் எனக்கு. பாதிப் பாட்டுல எழுந்து வந்துட்டேன். அவன் பாத்துட்டான். வீட்டுக்கு வந்து சண்டைகூடப் போடல. ஒரு பாட்டு முடியற வரைக்கும் உன்னால இருக்க முடியலையாம்மான்னு மட்டும் கேட்டான். முடியலடான்னேன். வாயில கொள்ளியை வைக்க எனக்கு. அடுத்த வருஷம் வீட்டை விட்டுப் போனவன்தான்.

இன்னைக்கு நான் போகல, இழுத்துட்டுப் போனாங்கன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் பாத்தப்ப நான் பாதியில போயிட்டுத்தானே இருந்தேன்.

எழுதிட்டியா? அப்ப தள்ளு, வழியை விடு. அந்தப் பாட்டு இன்னும் முடியல.