பேசாத இளவரசியும் கல்லாறு போன தாய்மாமனும்

என் கையில் இந்த நாவலைத் திணித்து, "நன்னா நாலு வார்த்தை புகழுங்கோ" என்று பணித்த கரமனை வாசகர் மன்றத் தலைவர் பெருமதிப்பிற்குரிய கல்யாணராமன் அவர்களே! அந்தப் புகழுரையை எதிர்பார்த்துப் புன்னகையோடு வீற்றிருக்கும் நாவலாசிரியை ஜெஸ்லின் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! கொட்டும் மழையிலும் குடைபிடித்து வந்திருக்கும் தாய்மார்களே! ஹரிநாராயணனின் அன்பு வணக்கம்.

'மூங்கில் கோட்டை' என்னும் இந்த மாயக்கதை நாவலை நான் நேசிக்கிறேன். இதன்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. ஏன்? சொல்கிறேன்.

சென்ற ஞாயிறு வித்துராவில் என் தங்கை மீராவின் மகள் ஆஷாவுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் இல்லாமல் தாம்பூலம் மாற்றுவார்களா? பொன்முடி பஸ்ஸில் ஏறினேன், புத்தகத்தைத் திறந்தேன். அடடா! காட்டுக்குள் கோட்டை, கோட்டைக்குள் ராட்சசி. கவர்ந்துவந்த இளவரசிக் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுகிறாள். பாடப் பாடக் கோரைப்பற்கள் உதிர்கின்றன! கண் கலங்கியது, கண்ணாடி மங்கியது, கண்டக்டர் தோளைத் தட்டினார்.

"சாரே, வித்துரா எப்பழே கழிஞ்ஞு! இது கல்லாறாணு!"

வித்துரா தாண்டி வெகுநேரமாம்; அருவிக்குப் பேர்போன கல்லாற்றில் நிற்கிறேன்! சிரியுங்கள், சிரியுங்கள்! என் தங்கை சிரிக்கவில்லை. போனிலேயே பொரிந்தாள்: "அண்ணா, பிள்ளையாத்துக்காரா வந்து காத்துண்டிருக்கா! நீ அங்கே அருவி பாக்கறயா?"

திரும்பும் பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரத்தில் கடைசி அத்தியாயத்தை முடித்தேன். முடித்தேனா? கொதித்தேன்! இந்த நாவலில் குதிரை பேசுகிறது, கிளி பேசுகிறது, கோட்டைக் கதவுகூடக் கவிதை பேசுகிறது! இளவரசனோ பேச்சை நிறுத்துவதே இல்லை. இளவரசி? அவளை வளர்த்த ராட்சசியை விரட்டுகிறார்கள், வாய் திறக்கவில்லை. மாலையை நீட்டுகிறார்கள், வாய் திறக்கவில்லை. ஒரு சொல் இல்லை ஐயா, ஒரு சொல் இல்லை!

அந்தக் கோபத்தோடு வித்துரா வீட்டில் நுழைந்தேன். "தை மாசமே முகூர்த்தம் வெச்சுடலாம்" என்று பெரியவர்கள் முடித்துக்கொண்டிருந்தார்கள். ஆஷா தலைகுனிந்து நின்றாள். என்னை அறியாமல் கத்திவிட்டேன்:

"ஏண்டி கொழந்தே, நீ ஏதாவது பேசேன்!"

சபை திகைத்தது. மீரா என்னை முறைத்தாள். ஆஷா நிமிர்ந்தாள். "நேக்கு சம்மதந்தான் மாமா. ஆனா படிப்பு முடிஞ்சப்பறந்தான் கல்யாணம். ஆரும் கேக்கவே இல்லையே!"

மாப்பிள்ளைப் பையன் துள்ளி எழுந்தான். "நானும் அதேதான் நெனச்சேன்! என்னையும் ஆரும் கேக்கலை!"

தாம்பூலம் மாறியது. முகூர்த்தம் தள்ளிப்போனது. மீரா மட்டும் எனக்கு இரண்டாவது போளி போடவில்லை.

ஜெஸ்லின் அவர்களே! உங்கள் நாவல் முழுவதும் பிடித்திருந்தால், ரசித்து மூடிவைத்து, சந்தனம் பூசிக்கொண்டு வித்துராவில் சும்மா உட்கார்ந்திருப்பேன். என்னை உருக்கியது உங்கள் ராட்சசி; என்னை உலுக்கியது உங்கள் ஊமை இளவரசி! தாலாட்டுவது மட்டுமா நூல்? தட்டி எழுப்புவதும் நூல்! தடவிக்கொடுப்பது மட்டுமா கதை? சண்டைக்கு இழுப்பதும் கதை! அன்பர்களே, வாங்குங்கள், வாசியுங்கள், வாதாடுங்கள்!

அம்மணி, அடுத்த பதிப்பிலாவது அவளுக்கு ஒரே ஒரு வாக்கியம் கொடுப்பீர்களா? என்ன சொல்கிறார்? "ஆலோசிக்கறேன் சாரே" என்கிறார்! நீங்கள் அனைவரும் சாட்சி.

மழையோடு போட்டியிட்ட என் குரலைப் பொறுத்தருளிய சபைக்கு நன்றி கூறி, கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்!