இரு தொட்டி அறையின் அரசிக்கு, எதிர்ப்பக்கம் நின்றவன் எழுதிய மடல்

நாகிசாவா நகராட்சி வெந்நீர் நீச்சல் குளத்தின் இயந்திர அறையை இருபத்தேழு ஆண்டுகள் கண்ணை இமை காப்பது போல் காத்து, மார்ச் முப்பத்தொன்றாம் நாளாகிய இன்று பணி நிறைவு பெறும் திருமதி குசாகபே தொமியே அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமார வாசித்தளிப்பது.

நீருக்கு நெறி தந்த நேர்மையே! நெடிக்கும் நஞ்சுக்கும் நடுவே நின்று நீந்துவோர் நலம் காத்த நங்கையே! காப்புக் கண்ணாடி அணியாமல் கலனைத் தொட்டவர் எவராயினும் கண்டித்துக் கரையேற்றிய கண்டிப்பே! மூக்கை நம்பாது முறையை நம்பிய மூதறிவே! வணக்கம்!

அம்மையாரே, இது இரண்டாவது மடல். முதல் மடலில் இதைவிட மேலான அடைமொழிகள் இருந்தன. குளத்தின் தலைவனாகிய ஒகினோ ஷுசோ என்னும் நான் மூன்று மாலைகள் உட்கார்ந்து எழுதி, ஓய்வறையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். வாசித்து முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. வரவேற்பு மேசை மினெகிஷிதான் முதலில் வாய் திறந்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு, தலைவரே. ஆனா கீழ இயந்திர அறைக் கதவுல ஒட்டியிருக்கே ஒரு தாள், அத என்ன பண்ணப் போறீங்க? அத அப்படியே விட்டுட்டு இதுல கையெழுத்துப் போடச் சொன்னா என் கை வராது."

"என் கையும் வராது," என்றார் உயிர்காப்பாளர் இசோமுரா. பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிற மனிதர் அவர்.

அந்தத் தாள் எதுவென்று இங்கே எல்லாருக்கும் தெரியும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த விபத்தின் அறிக்கை அது. 'மருந்தை மாற்றி ஊற்றியவர்: குசாகபே தொமியே' என்று அதில் எழுதியிருக்கிறது. அது பொய். ஊற்றியவன் நான். அந்தப் பொய்யைத் திருத்தாமல் உங்களை வழியனுப்புவதில்லை என்று உங்கள் தோழர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். எழுந்திருக்காதீர்கள், அம்மையாரே. இந்த இடம் வந்ததும் நீங்கள் எழுந்து கையை ஆட்டுவீர்கள் என்று மினெகிஷி முன்பே சொல்லிவிட்டார். தயவுசெய்து உட்காருங்கள். முதலில் பாராட்டு, பிறகு அந்தக் கதை.

பாராட்டத் தொடங்கினால் எங்கே தொடங்குவது? சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற நீண்ட பெயருடைய அந்த வெளிர்மஞ்சள் கிருமிநாசினித் திரவத்தை நாங்கள் வெறும் 'மருந்து' என்போம். நீங்களோ அதைக் கோபக்கார உறவினரைப் போல நடத்தினீர்கள்: மரியாதை உண்டு, நெருக்கம் கிடையாது. வெயில் படாத குளிர்ந்த மூலையில் வைத்தீர்கள். பழையது வீரியம் இழக்கும் என்று, வந்த தேதி பார்த்து முன்னே வந்ததை முன்னே தீர்த்தீர்கள். நீர்த்ததை அன்றன்றே கலந்தீர்கள், அன்றே முடித்தீர்கள்.

மினெகிஷி ஒருமுறை வீட்டில் காய் நறுக்கும் பலகையை வெளுக்க வேண்டுமென்று, டீ வந்த காலி பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பையில் வைத்துக்கொண்டதை மறக்க முடியுமா? வாசலை மறித்து நின்றீர்கள்.

"டீ பாட்டில்ல இத ஊத்தி வீட்டுல வைப்பியா? உன் வீட்டுக்காரர் மேல அவ்வளவு கோவமா?"

"அக்கா, அவரு டீயே குடிக்க மாட்டாரு!"

"இதக் குடிச்சா அப்புறம் எதையுமே குடிக்க மாட்டாரு. கொண்டா இங்க."

நிறைய நீர் விட்டு அதை ஒழித்து, பாட்டிலை நசுக்கிக் குப்பையில் போட்ட பிறகுதான் மினெகிஷிக்கு வீடு திரும்பும் வழி கிடைத்தது. மறுநாள் கடையில் விற்கும் முத்திரையிட்ட சிறு புட்டி ஒன்றை உங்கள் காசில் வாங்கி அவர் மேசையில் வைத்திருந்தீர்கள்.

இசோமுராவும் தப்பவில்லை. குளக்கரையில் ஒரு குழந்தை வாந்தி எடுத்த அன்று, அவர் ஆர்வத்தோடு மருந்தைத் தெளிப்பானில் ஊற்றிப் புகைபோல் அடிக்கப் போனார். தெளிப்பானைப் பிடுங்கினீர்கள். "தெளிச்சா கிருமியும் பறக்கும், மருந்தும் உன் நெஞ்சுக்குள்ள போகும். மொதல்ல காகிதத்தால அள்ளு. அழுக்கு மேல ஊத்தினா மருந்து அழுக்கத்தான் தின்னும், கிருமிகிட்ட போகாது." அள்ளியபின் நீர்த்த மருந்தில் நனைத்த துணியை விரித்து, பத்து நிமிடம் காத்து, நல்ல நீரால் துடைக்க வைத்தீர்கள். அந்த உற்சாகத்தில் இசோமுரா தம் இரும்பு ஊதலையும் மருந்தில் ஊறப்போட்டு மறந்துபோனார். துருப்பிடித்த அந்த ஊதலை இன்றும் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள்.

குளத்தில் நெடி வருகிறது, மருந்தைக் குறையுங்கள் என்று நகரமன்ற உறுப்பினர் ஒருவர் சத்தம் போட்டபோது, நான் மன்னிப்புக் கேட்கக் குனிந்தேன். நீங்கள் நிமிர்ந்தே நின்றீர்கள். "அது மருந்தோட நெடி இல்லீங்க ஐயா. உடம்பக் கழுவாம இறங்குறவங்க வேர்வையோட மருந்து சண்டை போடுற நெடி. நீங்க இப்பக் குளிச்சிட்டுத்தான் இறங்கினீங்களா?" அவர் குளியலறைப் பக்கம் நடந்தார். குனிந்த நான் நிமிர வெகுநேரம் ஆயிற்று.

இனி அந்தக் கதை. இந்தப் பகுதி ஊழியர்களுடையது அல்ல, என்னுடையது மட்டும்.

இயந்திர அறையில் இரண்டு தொட்டிகள். ஒன்றில் மருந்து. மற்றொன்றில், நீரில் மிதக்கும் தூசியைத் திரட்டி வடிகட்டியில் சிக்கவைக்கும் திரவம், அது அமிலம். இரண்டும் தனித்தனியே இருக்கும்வரை குளத்துக்குக் காவல், கலந்தால் நச்சுப்புகை. ஆகவே ஊற்றுமுன் விரலை நீட்டிச் சுட்டி, உரக்கச் சொல்லுவீர்கள்: "இடது தொட்டி, மருந்து, சரி! வலது தொட்டி, திரட்டுநீர், சரி!" ஆண்டுதோறும் ஆய்வாளர்கள் வருவார்கள். நான் அவர்களோடு வாசற்பக்கம் நிற்பேன். நீங்கள் தொட்டிகளுக்கு அப்பால், எங்களைப் பார்த்தபடி நின்று சொல்வீர்கள். பத்து ஆண்டு கேட்டதில் எனக்கு அது மனப்பாடம்.

அன்று ஜூன் மாதத்து மழைச் சனிக்கிழமை. பிளம் ஊறுகாய் போட நீங்கள் விடுப்பில் இருந்தீர்கள். மருந்துத் தொட்டியில் அளவு இறங்கியிருந்தது. நாளைக்குக் குசாகபே வரட்டும் என்றார் இசோமுரா. பத்து வருஷமாகப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா என்றேன் நான். வாசல் வழியே நுழைந்தேன், வாசற்பக்கமே நின்றேன், விரலை நீட்டினேன். "இடது தொட்டி, மருந்து, சரி!" என்று உங்களைவிட உரக்கவே சொன்னேன். உங்கள் இடது எனக்கு வலது என்பது என் புத்தியில் ஏறவில்லை. தொட்டியின் பெயர் எழுதிய முகமோ உங்கள் பக்கம் இருந்தது. அமிலத் தொட்டியில் அரைக் கலன் மருந்தை ஊற்றுவதற்குள் அது சூடாகிச் சீறி, பச்சையும் மஞ்சளுமாகப் புகை கிளம்பிற்று. இருமிக்கொண்டே படியேறி ஓடிவந்தேன்.

மினெகிஷிக்கென்று ஊறுகாய்ச் சாடியோடு நீங்கள் அப்போதுதான் வாசலில் நுழைந்தீர்கள். என் முகத்தைப் பார்த்ததும் சாடியைக் கீழே வைத்தீர்கள். படிக்கட்டின் கதவைச் சாத்தினீர்கள். அறைக்காற்று குளக்கூடத்துக்குப் போகாதபடி வெளிச்சுவரிலிருந்த காற்றோட்டி விசையை அணைத்தீர்கள். திரும்பப் போய் எதையாவது மூடிவிட்டு வருகிறேன் என்று நான் பாய்ந்தபோது, என் இடைவாரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டீர்கள்.

"எங்க போறீங்க?"

"என் தப்பு. நான்தான் போகணும்."

"வெக்கத்த மூஞ்சில கட்டிக்கிட்டுப் போனா மூச்சு வருமா, தலைவரே? உள்ள யாரும் போகக் கூடாது. அதுக்குன்னு ஆளுங்க முகமூடியோட வருவாங்க. மேல ஏறுங்க!"

அந்தப் புகை காற்றைவிடக் கனமானது, தாழ்வைத் தேடி ஊரும். அதனால் நீரில் நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்த பதினொரு பெண்களையும் சரிவில் இறங்கவிடாமல், காற்றுக்கு எதிராக மேட்டுக்கு ஏற்றினீர்கள். நீச்சலுடையோடு துண்டைப் போர்த்தி நின்ற ஒருவர், மழையில் நனைந்தால் சளி பிடிக்குமே என்று புலம்பினார். "இவ்வளவு நேரம் எதுல நின்னீங்க, மணல்லயா?" என்றீர்கள். தெறித்து எரிந்த என் கண்ணைத் தோட்டக்குழாயில் பதினைந்து நிமிடம் கழுவவைத்தீர்கள். நான் தலையைத் தூக்கும்போதெல்லாம் அமுக்கினீர்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அன்று மாலையே நகராட்சி ஒரு பெயர் கேட்டது. படிவத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டு நான் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் அதை என் கையிலிருந்து வாங்கினீர்கள். "அறை என்னுது. ரெண்டு தொட்டிக்கும் ஒரே மாதிரி மூடி வச்சதும், பேரை ஒரு பக்கம் மட்டும் எழுதினதும் நான். எழுதிட்டுப் போறேன்." நான் தடுக்கவில்லை. அதன்மேல் என் முத்திரையைக் குத்தினேன். மறு ஆண்டு கிழக்குப் பக்கம் புதிய குளம் திறந்தபோது இரண்டுக்கும் சேர்த்து இயந்திரத் தலைமைப் பதவி உங்களுக்கு வரவேண்டியது. மருந்தை மாற்றி ஊற்றியவருக்கு எப்படித் தருவது என்றார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. எனக்கோ, விரைந்து செயல்பட்டுப் பதினொருவரைக் காத்த தலைவர் என்று நற்சான்றிதழ் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டி, ஒன்பது ஆண்டுகள் அதன் கீழே உட்கார்ந்திருந்தேன். வெட்கப்படுகிறேன், அம்மையாரே.

நீங்களோ அதற்குப் பிறகும் எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. மூடிகளை மட்டும் மாற்றினீர்கள். மருந்துக்கு மஞ்சள் மூடி, திரட்டுநீருக்கு நீல மூடி, அளவு வேறு, சாவி வேறு, நாலு பக்கமும் பெயர். இடது வலது என்ற பேச்சையே ஒழித்து, மூடிமேல் கை வைத்துப் பெயரைப் படிக்கச் சொன்னீர்கள். வாய் தானாக ஓடக்கூடாதென்று, சாவி தருமுன் எல்லாரையும் ஒரு கேள்வி கேட்டீர்கள்: "இன்னிக்குக் காலைல என்ன சாப்பிட்ட?" யோசித்துப் பதில் சொன்னவருக்கே சாவி. நேற்று மிஞ்சிய கறி என்று தினமும் சொன்ன இசோமுராவை ஒருநாள் திருப்பியே அனுப்பினீர்கள்.

அறிக்கை இன்று காலை திருத்தப்பட்டது. உங்கள் பெயரைக் கோடிட்டு என் பெயரை எழுதி முத்திரை வைத்தேன். ஒரு படி கதவில் ஒட்டியிருக்கிறது. மற்றொன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகராட்சிப் பெரியவர்களின் கையில் இருக்கிறது. எனக்குப் பணி இன்னும் ஓராண்டு உண்டு. அதை என்ன செய்வது என்று அவர்கள் முடிவு செய்யட்டும். ஊழியர்களோ முடிவு செய்துவிட்டார்கள்: மடலில் கையெழுத்திட்டார்கள்.

இந்த மடல் பொருந்தியிருக்கும் சட்டம் புதிதல்ல, பொறுத்தருளுங்கள். என் அறைச் சுவரில் இருந்த அதே சட்டம்தான். நற்சான்றிதழையும் எடுத்தெறியவில்லை, மடலுக்குப் பின்னால் அப்படியே வைத்திருக்கிறோம். அது உங்களுடையது.

இப்போது நாங்கள் அனைவரும் எழுந்து, வாசற்பக்கத்தை விட்டு உங்கள் பக்கம் வந்து நிற்கிறோம். விரல் நீட்டிச் சொல்கிறோம்: குசாகபே தொமியே, கண்ணொளி, சரி! மூச்சு, சரி! முழங்கால், சரி! இன்னும் முப்பது ஜூன் மாதங்களுக்கு ஊறுகாய்ச் சாடி, சரி!

சொல்லுமுன் நீங்கள் கேட்கவேண்டிய கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறேன். இன்று காலை நான் ஒன்றும் சாப்பிடவில்லை. பயத்தில் இறங்கவில்லை. இந்த மடலை வாசித்து முடித்ததும், ஒன்பது ஆண்டுகளுக்கு அப்புறம் முதல்முறையாக, நன்றாகப் பசிக்கிறது.

நாகிசாவா நகராட்சி நீச்சல் குளம்

மருந்தை மாற்றி ஊற்றியவர்: ஒகினோ ஷுசோ
டீ பாட்டிலில் பிடித்தவர்: மினெகிஷி ஹட்சுயே
ஊதலை ஊறப்போட்டவர்: இசோமுரா காஞ்சி
மற்றும் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிச் சாவி வாங்கிய ஊழியர் அனைவரும்