பிளாஸ்டிக் கப்பு

விருத்தாசலத்திலிருந்து கிளம்பிய வேப்பூர் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் செராமிக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

“நான் செஞ்ச கப்புல எனக்கே டீ கெடையாதுன்னுட்டான்டி,” என்றாள் மூத்தவள்.

“யாருக்கா?”

“தங்கச்சி ஊரு டீக்கடைக்காரன். போன வாரம் நம்ம கம்பெனியில கப்பு வாங்கிட்டுப் போனானே, அவன்தான். என்னைப் பாத்ததும் ‘வாங்கக்கா’ன்னு அந்தக் கப்புலதான் ஊத்துனான். அதுக்குள்ள தங்கச்சி வந்து ‘அக்கா’ன்னு கூப்பிட்டா. நாங்க காலனின்னு அப்பதான் அவனுக்குத் தெரிஞ்சிது. டீய அப்படியே பிளாஸ்டிக் கப்புல மாத்திட்டான். எங்காளுங்களுக்கு அங்க அதுதானாம்.”

“மூஞ்சியில ஊத்திட்டு வந்திருக்கணும்க்கா!”

“தங்கச்சி என் கையப் புடிச்சி அழுத்துனா. அவ அந்த ஊருலதானே பொழைக்கணும்? குடிச்சேன்.”