மூன்றாவது மழை

எனக்கு ஏர்கான் ஒத்துக்கொள்ளாது, சார். உடனே தும்மல் வந்துவிடும். கொஞ்சம் குறைத்து வைக்கச் சொன்னீர்கள் என்றால் வாக்குமூலத்தை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நன்றி.

பெயர் கமலநாதன். வயது ஐம்பத்து நான்கு. ஜொகூர் மாநிலத்தில் முப்பது வருடமாகத் தமிழ் நாடகம் போடுகிறேன். ‘நாடகச் செம்மல்’ என்பார்கள். பட்டத்தை நானே போட்டுக்கொண்டேன் என்று சிலர் சொல்வது பொய். பட்டம் கொடுத்த சங்கத்துக்கு அப்போது நான் தலைவராக இருந்தேன், அவ்வளவுதான்.

ராஜ்ஜியத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அவர்களாலேயே துரத்தப்பட்டு, புயல் மழையில் புலம்பித் திரியும் கிழ ராஜாவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பழைய வெள்ளைக்காரச் சோக நாடகம். அதை நம் ஊருக்கு மாற்றினேன். அரண்மனை, கெலாங் பாத்தாவில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு தெரெஸ் வீடு. ராஜா, ஓய்வு பெற்ற லோரி டிரைவர். பெற்றவர்களைக் கைவிடாதே என்பது கரு.

ராஜா வேடத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. நம் நடிகர்களுக்கு அழத் தெரியும், வயதாகத் தெரியாது. அப்போதுதான் எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது.

அப்பா காளியப்பன், எண்பத்து மூன்று வயது. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். பொந்தியானில் ஒரு முதியோர் இல்லத்தில் நான்கு வருடமாக இருக்கிறார். இருந்தார். நான் இருக்கும் கெலாங் பாத்தா வீடு அவர் வாங்கியது. என் பெயருக்கு மாற்றிக் கொடுத்த மறுமாதம் குளியலறையில் விழுந்துவிட்டார். நான் நாடகத்தைப் பார்ப்பேனா, அவரைப் பார்ப்பேனா. மனைவியும் சிங்கப்பூர் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். அப்பாவின் அறையில் இப்போது கிரீடங்களையும் வாள்களையும் வைத்திருக்கிறேன். எல்லாம் அட்டைதான். ஈரம் படக்கூடாது.

இல்லத்துக்குப் போய்க் கேட்டேன். “எனக்கு நடிக்கத் தெரியாதுப்பா” என்றார்.

“நடிக்க வேணாம்பா. சொல்ற எடத்துல நின்னு, என் வீடு எங்கேன்னு கேட்டா போதும்.”

“அத இங்க தெனமும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்” என்றார். சிரிக்கவில்லை. பிறகு, “நாடகம் முடிஞ்சா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவியா, நாதா?” என்றார்.

“முடிஞ்சதும் போலாம்பா.”

நடிகருக்கு ஊக்கம் கொடுப்பது இயக்குநரின் வேலை, சார். அன்றைக்கே துணிமணிகளை ஒரு பையில் கட்டி வைத்துவிட்டாராம். இல்லத்து நர்ஸ் மஜீதா பிறகு சொன்னார். அந்தப் பையோடுதான் மண்டபத்துக்கும் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. மழைக்காக மேடைக்கு மேலே ஓட்டை போட்ட குழாய் கட்டியிருந்தோம். மேடை வேலைகளைப் பார்க்கும் ரபீக்குக்குச் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அங்கிருந்து பெரிய சட்டிகளில் சுடுதண்ணீர் கொண்டுவந்து, பீப்பாயில் வெதுவெதுப்பாகக் கலந்து வைத்திருந்தார். அவ்வளவு அக்கறையாக இருந்தோம். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் மழை நான்கு நிமிடம். அப்பா நடுமேடையில் நின்று, “என் வீடு எங்க?” என்று கேட்டார். முன்வரிசைப் பெண்கள் தேம்பிவிட்டார்கள்.

காட்சி முடிந்த பிறகு, தலைமை தாங்க அழைத்திருந்த டத்தோ வந்தார், சுல்தானிடம் பட்டம் வாங்கியவர். மூன்று மணிக்கு அழைத்தால் நாலரைக்கு வருவதுதான் மரியாதை. முன்னால் வந்தால் அவருக்கு வேறு நிகழ்ச்சியே இல்லை என்று ஆகிவிடும். நாடகத்தை நிறுத்தினோம். மாலை, பொன்னாடை, உரை. முதியோரைப் பேணுவது பற்றி முப்பத்தைந்து நிமிடம் பேசினார். அப்பா திரைக்குப் பின்னால் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். ரபீக் துண்டு கொண்டுவந்தார். நான் வேண்டாம் என்றேன். அடுத்த காட்சியில் ராஜா நனைந்திருக்க வேண்டும். காய்ந்த ராஜாவை யார் நம்புவார்கள்? அப்பா தன் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்தார். அதை வாங்கித் திரும்ப மடித்து உள்ளே வைத்தேன். நான் நன்றாக மடிப்பேன்.

உரை முடிந்து உட்கார்ந்ததும் டத்தோ, “மழை சீன் ரொம்ப நல்லாயிருந்துச்சாம்லா, நான் பார்க்கலியே” என்றார். டத்தோ பார்க்காத காட்சி நடந்த காட்சியாகாது.

“அண்ணே, சுடுதண்ணி முடிஞ்சிருச்சு. பைப் தண்ணிதான் இருக்கு” என்றார் ரபீக். “பெரியவரு பாவம்ணே, விடுங்க.”

“நாலு நிமிஷம்தான் லா.”

இரண்டாவது மழையில் அப்பாவின் தாடை நடுங்கியது. “குளிருது நாதா” என்றார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன்.

மூன்றாவது, படத்துக்காக. ராஜாவுக்கு டத்தோ குடை பிடிப்பது போல ஒரு படம் வேண்டும் என்றார்கள். அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தேன்.

“முடியுமாப்பா?”

“இது முடிஞ்சா வீடுதானே?”

“ஆமாப்பா.”

அவராகவே நடந்து மேடைக்குப் போனார். யாரும் தள்ளவில்லை. படம் சரியாக வர ஏழெட்டு நிமிடம் ஆனது. குடை சின்னது, டத்தோவுக்கு மட்டும்தான் போதுமாக இருந்தது.

டத்தோ கிளம்பியதும் கூட்டமும் கிளம்பிவிட்டது. நாடகம் எப்படி என்று சொல்லக்கூட ஒருவர் நிற்கவில்லை. காலி நாற்காலிகளும் நானும் அப்பாவும்தான். காரில் அப்பா பையை மடியில் வைத்துக்கொண்டார். கெலாங் பாத்தாவுக்குத் திரும்பும் இடத்தில் நான் திரும்பவில்லை. லோரி ஓட்டியவர் இல்லையா, கண்டுபிடித்துவிட்டார்.

“வளைவ விட்டுட்டப்பா.”

“பெட்ரோல் போட்டுட்டு வந்துரலாம்பா” என்றேன். பொந்தியான் இல்லத்து வாசலில் பையைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார்.

ஒன்பதாம் நாள் போய்விட்டார். நுரையீரலில் சளி கட்டியதாம். ஒன்பது நாளும் மகன் எட்டிப் பார்க்கவில்லை என்று மஜீதா புகாரில் எழுதியிருக்கிறார். பத்திரிகைப் பேட்டி இருந்தது, சார். ‘பெற்றோரைப் போற்றும் கலைஞன்’ என்று தலைப்பு போட்டார்கள். பையைத் திருப்பிக் கொடுத்தார்கள். சட்டை நான் மடித்தபடியே இருந்தது. கிரீடங்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இப்போது வீட்டில் நானும் அந்தப் பையும்தான்.

அவர் நடிக்கிறார் என்று நினைத்தேன் என நான் சொல்லலாம். நீங்களும் எழுதிக்கொள்வீர்கள். ஆனால் நாடகத்தை எழுதியவன் நான். மழையில் ராஜாவுக்கு இருந்தது ஒரே வரி. குளிருது என்று நான் எழுதவில்லை. என் பெயரையும் எழுதவில்லை. அது அப்பா என்னிடம் சொன்னது என்று தெரிந்துதான், தண்ணீரை நிறுத்தாதே என்று ரபீக்குக்குக் கை காட்டினேன். மூன்றாவது மழைக்கும் நானேதான் காட்டினேன்.

ஆனால் அப்பாவைக் கைவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள், சார். மூன்று மழைக்கும் நான் அவரைத் தனியாக விடவில்லை. திரை ஓரத்தில், பக்கத்திலேயே நின்றிருந்தேன், நனையாத இடமாகப் பார்த்து.