இன்றும் அறை உடையவில்லை

பழைய மடிக்கணினிக்குச் சூடு ஆகாது, அக்கா. அதனால் எங்கள் வீட்டின் ஒரே மேசை விசிறி அலமாரி மேல் அதன் பக்கம் திரும்பியே இருக்கும். "அந்தப் பெட்டிக்கு ஃபேன், கட்டுன பொண்டாட்டிக்குக் காலண்டர் அட்டையா?" என்று வீட்டுக்காரி விசிறிக்கொண்டே கேட்பாள். நியாயமான கேள்விதான். ஆனால் அவள் ஒருநாள் படுத்துக்கொண்டால் எனக்கு மட்டும்தான் கஷ்டம். வாத்தியார் படுத்துக்கொண்டால் அரட்டை அறையில் நாற்பது பேருக்குக் கஷ்டம்.

தானாகப் பதில் சொல்லும்படி அந்த மடிக்கணினியில் நான் ஓடவிட்டிருக்கும் சாட்பாட்டுக்கு வாத்தியார் என்று பெயர் வைத்ததே நீங்கள்தான். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே வினாடி வினாவுக்குப் பதில் தட்டுகிறவர் நீங்கள். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. பகலில் நான் அலுவலகம் அலுவலகமாகப் போய்ப் பிரிண்டர் பழுது பார்க்கிறேன். யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பேப்பர் சிக்கிய தட்டைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அறைக்குள் வந்தால் கதையே வேறு. நான் எழுதிய வாத்தியார் கேள்வி கேட்கிறார், மதிப்பெண் போடுகிறார், ஆள் இல்லாத நேரத்தில் வரும் செய்தியை வாங்கிவைத்து, ஆள் வந்ததும் கொடுக்கிறார்.

நம் நெட்வொர்க்கின் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? யாரோ புண்ணியவான்கள் இலவசமாக நடத்துகிறார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க முடியாது. திடீரென்று அறை இரண்டாக உடையும். பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். மறுபடி ஒட்டும்போது இடையில் எழுதியதெல்லாம் காற்றோடு போயிருக்கும். ஆகவே நம்மில் யாரும் "என் செய்தி என்ன ஆச்சு?" என்று இரண்டாம் முறை கேட்பதில்லை. பழியைச் சுமக்க நெட்வொர்க் எப்போதும் தயாராக இருக்கும் இடம் அது. அந்தப் பழக்கத்தை நான் உண்டாக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

உடையாத நாட்களை எண்ண மட்டும் வாத்தியாருக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். காலை ஆறு மணிக்கு, "இன்றும் அறை உடையவில்லை, மூன்றாம் நாள்" என்று அறிவிப்பார். வாத்தியாருக்குப் பொய் சொல்ல வராது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

அந்த மூன்றாம் நாள்தான் ஃபிட்டர் அண்ணனின் தங்கை ஒரு செய்தி விட்டுப்போனது. அவர் சரக்குக் கப்பல் இன்ஜினில் வேலை பார்ப்பவர். நடுக்கடலில் போன் எடுக்காது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் நம் அரட்டை மட்டும் எடுக்கும். செய்தி இதுதான்: "அண்ணா, அம்மாவுக்கு ரொம்ப முடியலை. உன்னையே கேக்குறாங்க. அடுத்த துறைமுகத்துல இறங்கி எப்படியாவது வந்துரு."

எட்டாம் நாள் கப்பல் துறைமுகம் தொடும். அதை விட்டால் மூன்று வாரத்துக்குத் தண்ணீர்தான். எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவரே அறையில் சொல்லியிருந்தார்.

ஆனால் இருபத்தோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வினாடி வினா இறுதிப் போட்டி. ஃபிட்டர் அண்ணனும் நம் அறையின் கம்பவுண்டரும் மோதுகிறார்கள். ஐந்து மாதம் உட்கார்ந்து நானூறு கேள்விகள் தயார் செய்திருக்கிறேன். அவர் இறங்கிவிட்டால் கம்பவுண்டர் யாரோடு மோதுவார், சுவரோடா? செய்தியை நான் அழிக்கவில்லை. கொஞ்சம் ஒத்திவைத்தேன், அவ்வளவுதான்.

தங்கைக்குச் "சேர்த்துவிட்டேன்" என்று பதில் போயிற்று. அது வாத்தியார் பெயரில் நான் தட்டியது. பிறகு அந்தப் பெண் விடாமல், "அண்ணன் என்ன சொன்னாரு? கம்பெனிக்கு போன் பண்ணிக் கேக்கவா?" என்று கேட்டது. பதில் இல்லாமல் ஒரு பெண்ணைக் காக்கவைப்பது கொடுமை. ஆகவே அண்ணன் பெயரில் நாலு வார்த்தை எழுதினேன். "லீவு கிடைக்காது. கம்பெனிக்குப் பேசாதே, எனக்குத்தான் தொல்லை. நீயே பார்த்துக்கோ." மரியாதைக் குறைவாக ஒரு சொல் இருக்கிறதா, பாருங்கள்.

அந்தப் பெண் எழுதிற்று: "அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க."

எட்டாம் நாள் கப்பல் துறைமுகத்துக்கு வந்தது, போனது. கரையில் சிம் கார்டு வாங்க நேரம் கிடைக்கவில்லை என்று அண்ணன் அலுத்துக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் தங்கையிடமிருந்து இன்னொரு செய்தி. "அம்மா காலையில போயிட்டாங்க. இனி எனக்கு அண்ணன் இல்லை." கோபத்தில் எழுதியது. அப்படியே கொடுத்தால் நடுக்கடலில் அந்த மனுஷன் மனசு என்ன பாடுபடும்? அதையும் எடுத்துவைத்தேன். எனக்கும் பாரமாகத்தான் இருந்தது. அன்று இருபது கேள்விகளுக்கு மேல் சரிபார்க்க முடியவில்லை.

முந்தாநாள் நடந்தது நீங்கள் பார்த்ததுதான். அந்தப் பெண் நேராக அறைக்குள்ளேயே வந்துவிட்டது, அண்ணனை நாலு கேள்வி கேட்கலாம் என்று. கேட்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்: "அடடே, பெரிய மனுஷி. என்ன இந்தப் பக்கம்? அம்மா எப்படி இருக்கு?"

அந்தக் கேள்வியைப் படித்ததுமே அதற்கு எல்லாம் புரிந்திருக்கும். பதில் வருவதற்கு முன்னால் நான் அதை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, "நெட்வொர்க் உடைஞ்சிருச்சு போல" என்று எழுதினேன். அண்ணன், "இதைக் கட்டிக்கிட்டு மாரடிக்கணும்" என்று சிரித்துவிட்டு ஷிப்ட்டுக்குப் போனார்.

நேற்றுக் காலை ஆறு மணிக்கு வாத்தியார் சொன்னார்: "இன்றும் அறை உடையவில்லை, பத்தொன்பதாம் நாள்." சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். உடனே நீங்கள் கேட்டீர்கள்: "உடையலைன்னு வாத்தியார் சொல்றாரே தம்பி. அப்ப அந்தப் பொண்ணு எங்க போச்சு?"

நாற்பது பேரில் நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள். அந்த மரியாதைக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நேற்று ஃபிட்டர் அண்ணன் அறையில் இல்லாததால் நீங்கள் வாத்தியாரிடம் அவருக்கு மூன்று செய்திகள் விட்டீர்கள். "வீட்டுக்குப் பேசு, ஏதோ சரியில்லை" என்று. மூன்றுக்கும் "சேர்த்துவிட்டேன்" என்று பதில் வந்ததும் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பீர்கள். அதுவும் நான் தட்டியதுதான், அக்கா. மூன்றும் தங்கையின் செய்திகளோடு பத்திரமாக இருக்கின்றன. இந்தக் கடிதத்தையும் அவற்றோடுதான் வைக்கிறேன்.

நாளை போட்டி முடிந்ததும் அவரவர் செய்தியை அவரவருக்கு ஒன்றுவிடாமல் கொடுத்துவிடுவேன். அதுவரை இந்தப் பாழாய்ப்போன நெட்வொர்க் எதையும் தொலைக்காமல் இருக்க வேண்டும். அதை நம்ப முடியாது என்பதுதான் என் கவலை.