அரை டிகிரிகூட நகரலை

இல்ல தம்பி, தட்டைத் தொடாதீங்க. உங்க தெர்மாமீட்டரை அந்த ஓட்டை வழியா விட்டுப் பாருங்க, தட்டை மட்டும் நகர்த்த வேண்டாம். முட்டை மேல பென்சில்ல ஒரு கோடு தெரியுதா? அது மேல பாத்த மாதிரியே இருக்கணும். ஏன்னு கேக்கறீங்களா? இருக்கணும், அவ்வளவுதான். கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் சத்தமாப் பேசிட்டேன். என் குரலே அப்படித்தான், எங்க வீட்டுக்காரரைக் கேட்டா சொல்வாரு.

உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க. மணி என்ன, ரெண்டே காலா? மூணு மணிக்கு மாடியில கமிட்டி. மூணு பேர் வந்திருக்காங்க. மூணு பேருக்கும் டீ குடுத்தேன், ஒருத்தர்கூட முகம் குடுத்துப் பேசலை. உங்க சீட்டுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. அதுல நீங்க எழுதறதை வச்சுத்தான் ஆமைங்களைப் பாத்துக்கற எங்க டாக்டரம்மாவை வேலையில வச்சுக்கறதா, அனுப்பறதான்னு முடிவு.

விவரம் தெரியாதா? இந்த முட்டை பொரிக்கற பெட்டியைச் சரிபாக்கச் சொன்னாங்க, அவ்வளவுதானா. சரி, சொல்றேன். பின்னாடி குளத்துல ஒரு ஆமை கிடக்கு, வரும்போது பாத்திருப்பீங்க, இந்த மேசை அகலம் இருக்கும். அந்த வகையில பொட்டைன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். பத்து வருஷமா முட்டையே வைக்காதது, ரெண்டு மாசம் முன்னாடி பதினெட்டு வச்சுது. டாக்டரம்மா அன்னிக்குச் சின்னப் புள்ள மாதிரி அழுதாங்க. இந்தப் பெட்டிக்குள்ள வச்சு, முப்பத்தொண்ணரை டிகிரியில சூட்டை நிறுத்தினாங்க. ஆமைக்கு அப்படி ஒரு கணக்கு தம்பி. சூடு குறைஞ்சா எல்லாம் ஆணாப் பொறக்கும், ஏறினா எல்லாம் பொண்ணு. குளத்துல மத்தது பூரா ஆண். அதனால பொண்ணுதான் வேணும்னு கண்கொத்திப் பாம்பா உக்காந்திருந்தாங்க. பொண்ணு வேணும்னு ஒருத்தர் தவம் கிடந்ததை நான் இங்கதான் பாத்தேன்.

பதினெட்டுல ஒண்ணுகூட பொரியலை. போன வாரம் உடைச்சுப் பாத்தா உள்ள ஒண்ணுமே வளரலை, ஆரம்பத்துலயே நின்னு போயிருக்கு. பெட்டியில கோளாறு இல்லைன்னா, அம்மா சரியாக் கவனிக்காததுதான் காரணம்னு கமிட்டி சொல்லுது. அந்தம்மாவும், ஆமா, என் பொறுப்புதான்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறாங்க. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசணுமே. மாட்டாங்க. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு.

என்ன, முடிஞ்சுதா? உங்களுது எவ்வளவு காட்டுது? முப்பத்தொண்ணரை. பெட்டி? அதுவும் முப்பத்தொண்ணரையா. இன்னொரு தடவை பாருங்களேன். அந்த மூலையில விட்டுப் பாருங்க. மூடியோட ரப்பர் எங்கயாவது விட்டிருக்கும், நல்லாப் பாருங்க. விடலையா. ரெண்டு மாசக் கணக்கும் அதுக்குள்ளயே பதிவாகி இருக்குமா? அரை டிகிரிகூட நகரலையா?

நகர்ந்திருக்காது. எனக்கே தெரியும். இந்த நோட்டைப் பாருங்க, பகல் பூரா மணிக்கொரு தடவை நான் எழுதினது. வெயில் ஏறினா ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டுவேன். ஒரு மழை நாள்ல கரண்ட் போயிடுச்சு. சுடுதண்ணி பாட்டிலைத் துணியில சுத்தி உள்ள வச்சு, கரண்ட் வர்ற வரைக்கும் மூடி மேல கையை வச்சுக்கிட்டே நின்னேன். பதினாறு வருஷம் கோழிக்குஞ்சு பொரிக்கற இடத்துல வேலை பாத்தவ நான். ஒரு நாளைக்கு ஆயிரம் முட்டை இந்தக் கையில போய் வரும். முட்டையைக் கண் இமை மேல வச்சா போதும், சூடு பத்தாதா, கூடிப்போச்சான்னு சொல்லிடுவேன். அந்த இடத்தை இழுத்து மூடினப்ப, இந்த வயசுல எவன் வேலை குடுப்பான்னு நின்னவளைக் கூப்பிட்டு இங்க உக்கார வச்சது டாக்டரம்மாதான்.

அதனால ஒண்ணு கேக்கறேன். பெட்டியில கோளாறுன்னு எழுதிடுங்க. பெட்டி என்ன அழவா போகுது? அதுக்குப் புள்ள குட்டியா இருக்கு? ஆமா, என் நோட்டும் பொய்யாயிடும். ஆகட்டுமே.

எழுத மாட்டீங்க. உங்க வேலை போயிடும், சரி. நேர்மையான ஆளுதான். வேற ஒரு நாள்னா உங்களை நாலு பேர்கிட்ட பெருமையாச் சொல்லியிருப்பேன். இன்னிக்குக் கோவம்தான் வருது.

பெட்டியும் சரி, சூடும் சரி, அப்ப என்னதான் ஆச்சுன்னு கேக்கறீங்க. மணி ரெண்டு நாப்பது ஆயிடுச்சு, இல்ல?

நேத்து காலையில அந்த ஆமை மறுபடி வச்சுது. பதினொண்ணு, இதோ இதுதான். டாக்டரம்மாவே மண்ணைத் தோண்டி, ஒவ்வொண்ணு மேலயும் கோடு போட்டு, கிடந்தது கிடந்தபடியே எடுத்து வச்சாங்க. வச்சுக்கிட்டே சொல்றாங்க, அக்கா, ஒரு நாள் போனா உள்ள கரு மேல்பக்கத்து ஓட்டுல ஒட்டிக்கும், அப்புறம் புரட்டினா செத்துடும், அதுக்குத்தான் இந்தக் கோடுன்னு. சாதாரணமாத்தான் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சதுதானேன்னு நெனச்சிருப்பாங்க.

கோழி முட்டையிலயும் இதே கோடுதான் போடுவோம் தம்பி. காலையில கோடு கீழ, சாயங்காலம் கோடு மேல. புரட்டாம விட்டாத்தான் அதுல குஞ்சு சாகும். போன தடவை முட்டை வச்ச மறுநாளே டாக்டரம்மா நாலு நாள் வெளியூர் போயிட்டாங்க. சூட்டைப் பாத்துக்கங்க அக்கான்னு மட்டும் சொல்லிட்டுப் போனாங்க. நான் சூட்டையும் பாத்தேன், அப்பவும் முட்டை மேல அவங்க போட்டிருந்த கோட்டையும் பாத்தேன். பாவம், யாரும் புரட்டலையேன்னு கை தானாப் போயிடுச்சு. நாலு நாளும், காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, பதினெட்டையும். அவங்க வந்து பாக்கும்போது கோடெல்லாம் மேலதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் தட்டு அவங்க பொறுப்பு, நோட்டு என் பொறுப்பு.

நேத்து எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். வாயைத் திறக்காதே, உன்னை யாரு கேக்கப் போறாங்கன்னாரு. அதுவும் சரிதான், யாரும் கேக்க மாட்டாங்க. அதான் காலையிலேருந்து உங்களையே நம்பிக்கிட்டு இருந்தேன்.

பெட்டி சரியா இருக்குன்னே எழுதுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுங்க, சீட்டை நானே மேல கொண்டு போறேன், யாரும் கேக்காட்டியும் சொல்லிடறேன். நீங்க ஒரு பத்து நிமிஷம் இங்கயே இருங்க தம்பி. யார் வந்தாலும் அந்தத் தட்டைத் தொட விடாதீங்க. நானே திரும்பி வந்தாலும் விடாதீங்க.